மரத்தை வரையாதே, நிழலைக் கொண்டுவா

அன்பு மகளுக்கு,

சின்ன வயதில் ஆடிய தோப்பு மாதிரி உன் அறை இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். அதற்காகச் சுவர் முழுக்க மரம் அச்சடித்த வால்பேப்பர் ஒட்டிவிடாதே. கொஞ்ச நாளில் கண்ணுக்குப் பழகிவிடும், அப்புறம் அதுவும் வெறும் சுவர்தான். தோப்பு என்றால் மேலேயிருந்து சல்லடையாக இறங்கித் தரையில் திட்டுத்திட்டாக விழும் வெயில். அதைத்தான் அறைக்குள் கொண்டுவர வேண்டும்.

பெயிண்ட் வாங்குமுன் காலை, மதியம், மாலை மூன்று வேளையும் வெயில் எங்கெங்கே விழுகிறது என்று சுவரில் பென்சிலால் குறித்துவை.

பச்சையில்தான் பலரும் ஏமாறுவது. ஷேட் கார்டில் இளசாகத் தெரிவது நான்கு சுவரிலும் ஏறியதும், ஒன்றின் நிறம் மற்றதில் பட்டு அடர்ந்துவிடும். உள்ளே நிற்பவர் முகமும் நோயாளி முகம் போலத் தெரியும். ஒரு சுவருக்கு மட்டும் பச்சை போதும், கூரை வெள்ளையாகவே இருக்கட்டும். 2 அடிச் சதுர அட்டையில் இரண்டு கோட் அடித்து, காய்ந்தபின் இடம் மாற்றி மாற்றிப் பார். இரவு விளக்கிலும் பார். மேட் பூச்சு எடு. பளபளப்பில் பக்கவாட்டு வெளிச்சம் பட்டால் பட்டி போட்ட மேடுபள்ளமெல்லாம் காட்டிக்கொடுக்கும்.

விளக்குக்கு வருவோம். 10க்கு 12 அடி அறைக்கு மொத்தம் 2000 லூமன் வைத்துக்கொள், லூமன் என்பது விளக்கு தரும் வெளிச்சத்தின் அளவு. நடுக்கூரையில் ஒரே விளக்காகப் போடாமல் நான்காகப் பிரி. எல்லாமே 2700 கெல்வின், அதாவது மஞ்சள் சாய்ந்த இதமான வெளிச்சம். நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டும் என்று சொல்லும் எண்ணான சி.ஆர்.ஐ. 90க்குக் குறையக் கூடாது, குறைந்தால் மரச்சாமானின் செம்மை செத்துப்போகும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் வேண்டுமென்றால் அதற்கேற்ற பல்புதானா என்று பெட்டியில் பார்த்து வாங்கு, இல்லாவிட்டால் மினுக்கிக்கொண்டே இருக்கும்.

இலை நிழலுக்கு, நல்ல அகல இலைச் செடி ஒன்றைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வை. விளக்கைத் தரையில் வைக்கச் சொல்வார்கள். வேண்டாம், நிழல் கூரைக்கு ஏறி அறை பேய்வீடு மாதிரி ஆகிவிடும். 7 அடி உயரத்தில் சின்ன ஸ்பாட் விளக்கு ஒன்றைச் செடிமேல் சாய்த்துப் பொருத்து. பால்நிற பல்பில் ஒளி பரவி வருவதால் நிழல் மங்கலாகவே விழும். சின்னப் புள்ளியிலிருந்து வந்தால்தான் இலை இலையாகத் தெரியும். செடியை விளக்குப் பக்கம் நகர்த்தினால் நிழல் பெரிதாகி ஓரம் மங்கும், சுவர்ப் பக்கம் நகர்த்தினால் சிறுத்துத் தெளியும். காற்றாடியை மெதுவாக ஓடவிட்டால் நிழலும் அசையும்.

ஜன்னல் எந்தத் திசை என்று நீ எழுதவே இல்லையே? மேற்கு என்றால் பச்சையை மறுபடி யோசிக்க வேண்டும். மாலை வெயிலின் மஞ்சள் பட்டு வாடிய நிறமாகிவிடும். பார்த்துவிட்டு உடனே எழுது.

அன்புடன்,
அப்பா