ஏரி மட்டம் போடுகிறீர்கள், குழாய்த் தண்ணீரின் தரத்தையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் பத்திரிகையில் நான் விடாமல் பார்க்கிற பகுதி சென்னை ஏரிகளின் நீர்மட்டம். புழலின் 3,300 மில்லியன் கன அடியில் இன்று எவ்வளவு இருக்கிறது, செம்பரம்பாக்கத்தில் 24 அடிக்கு எத்தனை அடி நிற்கிறது, பூண்டிக்குக் கிருஷ்ணா தண்ணீர் வருகிறதா நின்றுவிட்டதா, எல்லாம் போடுகிறீர்கள். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த பிறகு, பேப்பரைப் பிரித்ததும் கண் அங்கேதான் போகிறது. நல்லதுதான். ஆனால் அந்தத் தண்ணீர் வீட்டுக் குழாய்க்கு வந்து சேரும்போது குடிக்கிற நிலையில் இருக்கிறதா என்பது மட்டும் எந்தப் பத்திரிகையிலும் வருவதில்லை. யாராவது செத்துப்போனால் வரும்.

2024 டிசம்பரில் பல்லாவரம் பக்கம் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு என்று பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், உயிரும் போனது. குழாயில் சாக்கடை கலந்துவிட்டது என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள், தண்ணீர் காரணமில்லை என்று அமைச்சர் சொன்னார். அது தாம்பரம் மாநகராட்சி, கன்டோன்மென்ட் (ராணுவக் குடியிருப்பு) எல்லை, சென்னைக் குடிநீர் வாரியத்துக்குச் சம்பந்தமில்லை என்று சிலர் சொல்லக்கூடும், சரி, இருக்கட்டும். யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அதற்கு முந்தின வாரம் அதே தெருக்களில் எடுத்த தண்ணீர்ப் பரிசோதனை முடிவு எல்லோர் பார்வையிலும் இருந்திருந்தால் அந்தச் சண்டைக்கே வேலை இருந்திருக்காது. ஆள் செத்த பிறகு எடுக்கிற சாம்பிள் என்ன காட்டினாலும் ஒரு தரப்பு நம்பப்போவதில்லை.

சுத்திகரிப்பு நிலையங்களை நான் குறை சொல்லவில்லை. கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் 1914-லிருந்து இருக்கிறது. அதை அமைத்த இன்ஜினியர் மேட்லியின் பெயரில்தான் தி.நகர் மேட்லி ரோடு இருக்கிறது, அந்த வழியாகப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியுமோ. புழல், செம்பரம்பாக்கம், கடல்நீரைக் குடிநீராக்குகிற நெம்மேலி என்று பிறகு எவ்வளவோ வந்துவிட்டது. ஏரித் தண்ணீரைப் படிகாரம் போட்டுத் தெளியவைத்து, மணலில் வடிகட்டி, குளோரின் கலந்து அனுப்புகிறார்கள், அது அங்கிருந்து கிளம்பும்போது நன்றாகத்தான் இருக்கும். சிக்கல் வழியில். நம்முடைய பெரும்பாலான தெருக்களில் தண்ணீர் நாள் முழுக்க வருவதில்லை, சில மணி நேரம் விடுகிறார்கள், பிறகு நிறுத்துகிறார்கள். தண்ணீர் ஓடும்போது குழாய்க்குள் அழுத்தம் இருக்கும், ஓட்டை இருந்தாலும் தண்ணீர் வெளியேதான் கசியும், வீண்தான், ஆனால் அசுத்தம் உள்ளே வராது. நிறுத்தியதும் குழாய் காலியாகி அழுத்தம் போய்விடும். பக்கத்திலேயே ஓடுகிற சாக்கடைக் குழாயிலிருந்து கசிந்து மண்ணில் ஊறிக் கிடப்பது அதே ஓட்டை வழியாக உள்ளே போகும். மறுநாள் தண்ணீர் விட்டதும் அதுதான் முதல் குடத்தில் வரும். இதற்கு மேல் சில வீடுகளில் லைனில் நேரடியாக மோட்டார் வைத்து இழுக்கிறார்கள். அது சட்டப்படி குற்றம். அப்படி இழுத்தால் குழாயில் உறிஞ்சல் உண்டாகி அசுத்தம் இன்னும் வேகமாக உள்ளே வரும், பாதிக்கப்படுவது இழுத்தவர் வீடு மட்டுமல்ல.

இதிலிருந்து காப்பாற்றத்தான் குளோரினைக் கொஞ்சம் மிச்சம் இருக்கிற மாதிரி போடுகிறார்கள். லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் கடைசி வீட்டுக் குழாயிலும் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் அளவு. பிளீச்சிங் பவுடர் வாடை அடிக்கிறது என்று அலுத்துக்கொள்கிறவர்களை நான் பார்க்கிறேன். லேசாக வாடை அடித்தால் உண்மையில் நிம்மதிப்பட வேண்டும். தெருக்கோடி வீட்டில் வாடையே இல்லாமல் தண்ணீர் வந்தால்தான் எனக்குச் சந்தேகம், குளோரின் வழியிலேயே எதையோ கொன்று தீர்ந்துபோயிருக்கலாம்.

2019 நவம்பரில் அதே அமைவனம் டெல்லியிலும் மாநிலத் தலைநகரங்களிலும் குழாய்த் தண்ணீரைச் சோதித்து ஒரு பட்டியல் வெளியிட்டது. மும்பையில் எடுத்த மாதிரிகள் எல்லாம் தேறின, சென்னையில் எடுத்த 10 மாதிரிகளும் தேறவில்லை. இவ்வளவு பெரிய ஊருக்குப் பத்துக் குழாயை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை என்று அப்போதே எனக்குத் தோன்றியது, இன்றும் தோன்றுகிறது. ஆனால் அதற்குப் பதிலாக நம் பக்கத்திலிருந்து ஆயிரம் குழாய்களின் முடிவை எடுத்துப் போட்டிருக்கலாமே? மும்பையிலும் தண்ணீர் நாள் முழுக்க வருவதில்லை, ஆகவே ‘விட்டு விட்டுத்தான் விடுகிறோம், என்ன செய்வது’ என்கிற சாக்கு முழுசாக நிற்காது. ஒடிசாவின் பூரியோ 2021-ல் குழாயைத் திறந்து அப்படியே குடிக்கலாம் என்று ஊர் முழுக்கத் திட்டமே கொண்டுவந்துவிட்டது. அங்கே ரத யாத்திரைக்கு எவ்வளவு கூட்டம் வரும் என்று நமக்குத் தெரியும்.

நம் ஊரில் என்ன செய்கிறோம்? ஆர்.ஓ. மெஷின் வாங்குகிறோம், முடியாதவர்கள் கேன் வாங்குகிறார்கள். ஆர்.ஓ. மெஷின் உள்ளே போகிற தண்ணீரில் பாதிக்கு மேல் சாக்கடைக்குத் தள்ளுகிறது. டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பின் அளவு, 500-க்குக் குறைவாக உள்ள இடங்களில் அது தேவையில்லை, தடை செய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே 2019-ல் சொன்னது. ஆனால் என் தெருவில் டி.டி.எஸ். எவ்வளவு என்று யார் சொன்னார்கள்? மெஷின் விற்க வருகிறவர்தான் ஒரு மீட்டரை முக்கிக் காட்டுகிறார், விற்க வந்தவர் வேறென்ன சொல்வார். அந்த மீட்டர் உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது என்பதும் பலருக்குத் தெரியாது. வாடகை வீட்டில் இருக்கிற கூலித் தொழிலாளி குடும்பம் கேனுக்கு 30, 40 ரூபாய் கொடுக்கிறது, அதோடு அரசுக்குக் குடிநீர் வரி கட்டுகிற வீட்டுக்காரர் அதையும் வாடகையில் சேர்த்து வசூலிக்கிறார். ஒரே தண்ணீருக்கு இரண்டு முறை காசு.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. புதிதாக ஆள் போட வேண்டியதுகூட இல்லை. ஊழியர்கள் தெருவில் தண்ணீர் பிடித்து, சோதனை மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மஞ்சள் நிறம் வருகிறதா என்று குளோரின் பார்ப்பது ஏற்கெனவே நடக்கிற வேலை. கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் கிருமிப் பரிசோதனை செய்கிற வசதி காலங்காலமாக இருக்கிறது. கிராமங்களுக்குக் குழாய்த் தண்ணீர் கொடுக்கிற மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பரிசோதனைப் பெட்டியைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். ஒரு சின்னப் பாட்டிலில் தண்ணீர் பிடித்து வைத்தால் ஒன்றிரண்டு நாளில் அது கறுக்கிறதா என்று பார்த்து மலக்கிருமி இருக்கலாமா என்று கண்டுபிடிக்கிற முறை அதில் இருக்கிறது. கிராமத்து அக்காக்கள் செய்கிற சோதனையை மாநகரத்தின் 200 வார்டுகளில் செய்ய முடியாதா? முடிவு ஏதோ ஒரு ரிஜிஸ்டரில் இருந்தால் எனக்கென்ன, கமிஷனருக்கென்ன?

ஆகவே ஐயா, ஏரி மட்டத்துக்குக் கீழே மூன்று பத்தி கொண்ட ஒரு பட்டியல் போடுங்கள். வார்டு, தெருக்கோடிக் குழாயில் குளோரின் எவ்வளவு, கிருமி உண்டா இல்லையா. டி.டி.எஸ். மாதம் ஒருமுறை போதும். தினம் 200 வார்டும் போட இடம் இருக்காது, சுழற்சியாகப் போடலாம். வாரியம் தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் உங்கள் நிருபர் கேட்கட்டும், அதற்கும் இழுத்தடித்தால் அதையே செய்தியாகப் போடுங்கள். சம்ப் கழுவிய தேதியை மாதாமாதம் நோட்டீஸ் போர்டில் எழுதி வைக்க வேண்டும் என்று எங்கள் குடியிருப்பிலேயே சண்டை போட்டுத்தான் வாங்கினோம், அதனால் எல்லாப் பழியும் அரசாங்கத்தின் மேல்தான் என்றும் நான் சொல்லவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள், இதைக் கோடையில் ஆரம்பிக்காதீர்கள். கோடையில் எல்லோருக்கும் தண்ணீர் வந்தால் போதும் என்று இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவில் சாக்கடை பொங்கி, சம்ப் மூடி வரைக்கும் தண்ணீர் நிற்கிற வாரத்தில் முதல் பட்டியலைப் போடுங்கள்.

இப்படிக்கு,
வில்லிவாக்கத்திலிருந்து ஒரு வாசகர்