சால்மனை விடு, கல்லைப் புரட்டு

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து எவ்வளவோ நாளாகிறது. சாட்டுச் சொல்லப் போவதில்லை. இங்கே எல்லோரும் சுகம். பெரியவள் மருத்துவம் படிக்கமாட்டேன் என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். அவளுடைய அம்மாவுக்கு இன்னும் அது ஆறவில்லை. நெட்டையன் இங்கே லண்டன் ரூட்டிங்கில் இருந்த கடையை விற்றுவிட்டான். காரணம் உனக்குத் தெரியும்.

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். ரொறன்ரோவில் உங்கள் ஹைலண்ட் கிறீக் ஓடைக் கரையில் உங்கள் சங்கத்து ஆட்கள் எல்லோரும் மரக்கன்றுகளோடு நிற்கிறீர்கள். நடுவில் நீ, பள்ளிக்கூடத்தில் அந்தக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே நிமிர்வோடு. கணக்கு மாஸ்டர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துச் சிரித்தேன். ஆனால் கீழே "ஆறு மீண்டுவிட்டது, சால்மன் வருகிறது" என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்த பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

மரம் நட்டது நல்ல காரியம். அதில் எனக்குச் சண்டை இல்லை. மீண்டுவிட்டது என்று எதை வைத்துச் சொல்கிறாய்? நீங்கள் பார்க்கும் சினூக் சால்மன் மீன் பசிபிக் கடற்கரை இனம். 1960-களின் கடைசியில் ஒன்ராறியோ ஏரியில் கொண்டுவந்து விட்டது. ஏரியில் கொழுத்து வளர்ந்து, இலையுதிர் காலத்தில் முட்டையிட ஆறு ஏறி, அங்கேயே செத்துப்போகிறது. ஒரு சில கிழமைகள் தங்கிப்போகும் விருந்தாளி அது. ஜனவரியிலும் ஜூலையிலும் அந்தத் தண்ணீர் எப்படி இருந்தது என்று அது எப்படிச் சொல்லும்?

இங்கே தென் லண்டனில் ஓடும் எங்கள் வாண்டில் ஆற்றிலும் இதே கதைதான். 1960-களில் இதைத் திறந்த சாக்கடை என்றே அறிவித்திருந்தார்கள். பிறகு ஊரவர்கள் குப்பை அள்ளினார்கள், அணைகளைத் தாழ்த்தினார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வகுப்பறைத் தொட்டியில் முட்டை பொரிக்கவைத்து வளர்த்த ட்ரவுட் மீன் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். விட்ட மீன் ஆற்றில் நீந்துவது எதற்கும் சாட்சி அல்ல. ஆற்றிலேயே பிறந்த குஞ்சைக் கண்டபோதுதான் விஷயம் தெரிந்தவர்கள் மகிழ்ந்தார்கள். ட்ரவுட் சரளைக் கல்லுக்குள் முட்டையிடும். இடைவெளியில் சேறு படிந்தால் முட்டை மூச்சுமுட்டிச் செத்துவிடும். ஆகவே ஒரு குஞ்சு பிறந்திருக்கிறது என்றால் அந்தக் குளிர்காலம் முழுக்கக் கல்லும் ஓட்டமும் ஒட்சிசனும் அந்த இடத்தில் சரியாக இருந்திருக்கின்றன.

நான் போன வருடம் முதல், ஆற்றின் நலம் அறிய அடியில் வாழும் பூச்சிகளை எண்ணும் குழுவில் இருக்கிறேன். சிரிக்காதே. மாதம் ஒருமுறை இறப்பர்ச் சப்பாத்தோடு இறங்கி, கைவலையை ஓட்டத்துக்குக் குறுக்கே பிடித்து, அதற்கு முன்னால் அடிக்கற்களைக் காலால் கிளற வேண்டும். மூன்று நிமிடம், மணிக்கூடு பார்த்து. பிறகு ஒரு நிமிடம் கற்களைக் கையால் புரட்டுவது. வலையில் விழுந்ததை வெள்ளைத் தட்டில் கொட்டினால் முதலில் சேறும் சருகும்தான். கொஞ்சம் பொறுத்தால் சருகு நடக்கத் தொடங்கும். மணல் துகள்களை ஒட்டிக் குழாய் கட்டி அதற்குள் வாழும் கடிஸ் பூச்சியின் புழு, மூன்று வாலுள்ள மேஃபிளைப் பூச்சியின் குடம்பி, பக்கவாட்டில் சரிந்து நீந்தும் நன்னீர் இறால். எட்டு வகைகளை மட்டும் எண்ணுகிறோம். 1 முதல் 9 வரை இருந்தால் ஒரு புள்ளி, 99 வரை இரண்டு, 999 வரை மூன்று. மொத்தம் அந்த இடத்துக்கென்று குறித்த எல்லைக்குக் கீழே இறங்கினால் அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும். தூண்டில்காரர்களுக்காக 2007-இல் பிரித்தானியாவில் நாடளாவத் தொடங்கிய முறை இது; யாரும் பழகலாம்.

இந்த வசந்தத்தில் எங்கள் இடத்தில் புள்ளி விழுந்தது. இறால் ஏறக்குறைய இல்லை. மேலே அடுத்த இடத்தில் எண்ணுகிறவர்களுக்கு வழக்கம்போலவே இருந்தது. மழைக் குறைவு காரணம் என்றால் இரண்டிலும் அல்லவா விழுந்திருக்க வேண்டும்? இரண்டுக்கும் இடையே கரையோரமாக நடந்தோம். ஒரு மழைநீர்க் குழாயின் வாயில் கற்கள் மேல் சாம்பல் நிறத்தில் வழுவழுப்பான படை, குனிந்தால் சலவைத் தூள் வாசம். எங்கோ ஒரு வீட்டில் சலவை இயந்திரத்தின் கழிவை மழைநீர்க் குழாயோடு பொருத்தியிருக்கிறார்கள். அந்த வீட்டாருக்கே அது தெரிந்திருக்காது.

மச்சான், அந்தக் குழாய்க்கு நேர் மேலேதான் புனரமைத்த கரை. மஞ்சள் ஐரிஸ் பூத்துக் குலுங்குகிறது, புது வாங்கு, தகவல் பலகை. படம் எடுத்தால் உன் படத்தைவிட அழகாக இருக்கும். காலடியில் எல்லாம் செத்துக்கொண்டிருந்தது. எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

கோடையில் இணைப்பைத் திருத்தினார்கள். இறால் திரும்பியிருக்கிறது, கடிஸ் புழுவைக் காணவில்லை. இதை வைத்து நான் எதையும் அறிவிக்கமாட்டேன். இன்னும் ஒரு வசந்தம் போகட்டும்.

கரையைத் திருத்துவதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்று கேட்டேன். யாரிடமும் ஒரு தாள்கூட இல்லை. எமிலி பேர்ன்ஹார்ட் என்ற சூழலியலாளரும் கூட்டாளிகளும் அமெரிக்காவில் 37,000-க்கு மேற்பட்ட ஆற்றுப் புனரமைப்புத் திட்டங்களின் பதிவுகளைத் திரட்டி 2005-இல் வெளியிட்டார்கள். பலன் கிடைத்ததா என்று ஏதாவது ஒரு வகையில் பார்த்ததாகச் சொன்னவை அவற்றில் 10 சதவீதம்தான். வருடத்துக்கு நூறு கோடி டொலருக்கு மேல் செலவாகும் வேலை அது! எது பலித்தது, எது வீண் என்று தெரியாமல் அடுத்த ஊரிலும் அதையே செய்கிறார்கள்.

உங்களுக்கு எங்களைவிடப் பெரிய வில்லங்கம் ஒன்று உண்டு: பனி உருக வீதிக்குப் போடும் உப்பு. கனடாவின் வழிகாட்டியில் நன்னீர் உயிர்களுக்கு நீண்டகால அளவு லீற்றருக்கு 120 மில்லிகிராம் குளோரைட்டு (உப்பில் இருப்பது), குறுகிய காலத்துக்கு 640. பனி உருகும்போது நகர ஓடைகளில் அது எகிறும். நிலத்தடி நீரில் இறங்கிய உப்போ கோடையிலும் ஓடைக்குக் கசிந்து வரும். உன் மரக்கன்றுகள் நிழல் தரும், கரையைப் பிடிக்கும், உப்பைத் தடுக்காது. தண்ணீரில் உப்பு ஏறினால் காட்டும் கடத்துதிறன் மானி ஒன்று வாங்கு, பெரிய விலை இல்லை. முதல் உப்பு விழுவதற்கு முன் இந்தக் கிழமையே ஓர் எண்ணை எழுதிவை. நீங்கள் மரம் நட்ட இடத்தில் ஒன்று, நடாத மேற்பகுதியில் ஒன்று. இரண்டாவதை விட்டுவிடாதே. அது இல்லாவிட்டால் மாற்றம் உங்களால் வந்ததா, காலநிலையால் வந்ததா என்று ஒருநாளும் பிரிக்க முடியாது. எண் மோசமாக இருந்தாலும் மறைக்காமல் சங்கக் கூட்டத்தில் வாசி. தலைவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

வேறு புதினம் இல்லை. சின்னமாமியின் முழங்கால் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்ததாம், அவருக்கு ஒரு போன் போடு. தங்கச்சியையும் பிள்ளைகளையும் சுகம் கேட்டதாகச் சொல். மார்ச்சில் பனி உருகும்போது எடுக்கும் எண்ணை அன்றைக்கே எனக்கு அனுப்பு.

இப்படிக்கு,
உன் அன்பு நண்பன்