100 சோம் தாளில் ஒருவர், 500 சோம் தாளில் ஒருவர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் கிர்கிஸ் நாட்டுப் பாடகர்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தோம். கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கமிருந்து அந்நாட்டு நகரங்களான பிஷ்கெக்குக்கும் ஓஷுக்கும் மருத்துவம் படிக்கப் பிள்ளைகள் போயிருப்பதால், கொங்கு நாட்டில் அதைப் பலரும் ஆவலாகப் படித்திருப்பார்கள். ஆனால் கட்டுரை, வெவ்வேறு கலைஞர்களை ‘நாட்டுப்புறப் பாடகர்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கிவிட்டது. அவர்கள் பாடுவது ‘பிறவியிலேயே வந்த வரம்’ என்றும் முடித்துவிட்டது. இரண்டுமே திருத்தப்பட வேண்டியவை. இரண்டாவது தவறு நம்மூர் உடுக்கடிப் பாட்டுக்காரர்களையும் பாதிப்பது என்பதால் சற்று விரிவாக எழுதுகிறோம்.

அங்கே படிக்கும் பிள்ளைகளின் சட்டைப்பையிலேயே இதற்கு விளக்கம் இருக்கிறது. சோம் என்பது அந்நாட்டுப் பணம். 100 சோம் தாளில் இருப்பவர் தொக்தொகுல் சதில்கனோவ் (1864–1933). 500 சோம் தாளில் இருப்பவர் சயாக்பாய் கராலாயெவ் (1894–1971). முன்னவர் அக்கின், அதாவது கொமுஸ் என்ற மூன்று தந்தி வாத்தியத்தை மீட்டிக்கொண்டு அந்த நேரத்திலேயே பாட்டுக் கட்டுபவர். பின்னவர் மனாஸ்சி. மனாஸ் என்ற வீரன், அவன் மகன் செமெதெய், பேரன் செய்தெக் ஆகிய மூவரின் காவியத்தைச் சொல்பவர். மனாஸ்சி வாத்தியமே தொடமாட்டார். உட்கார்ந்த இடத்தில் குரலாலும் முகத்தாலும் கையசைவாலும் மணிக்கணக்கில் சொல்லிக்கொண்டு போவார். கையில் கொமுஸ் இருக்கும் ஒருவரின் படத்துக்குக் கீழே ‘மனாஸ் காவியப் பாடகர்’ என்று நீங்கள் அச்சிட்டது அதனால்தான் தவறு.

காவியத்தின் அளவைத் தெரிந்துகொள்ள ஒரு கணக்கு. கம்பராமாயணம் பத்தாயிரத்துச் சொச்சம் பாட்டு. பாட்டுக்கு நாலு அடி என்றால் நாற்பதாயிரத்துச் சொச்சம் அடி. சயாக்பாய் சொல்லி எழுதியெடுக்கப்பட்ட மூன்று தலைமுறைக் கதை 5,00,553 அடி.

இனி அந்த ‘வரம்’ என்ற பேச்சுக்கு வருகிறோம். மனாஸ்சிகள் தங்கள் கனவில் மனாஸ் வந்து ‘என் கதையைச் சொல்’ என்று பணித்ததாகச் சொல்வது உண்டு. அந்த நம்பிக்கையை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. நம்மூரில் சாமி வந்து பாடுபவரை எப்படி மதிக்கிறோமோ அப்படி மதிக்க வேண்டியதுதான். ஆனால் கனவு கண்ட மறுநாளே யாரும் பெரிய மனாஸ்சி ஆகிவிடுவதில்லை. கிர்கிஸ் மக்களே இதற்குப் படி வைத்திருக்கிறார்கள். முதல் படி உய்ரொன்சுக், கற்றுக்குட்டி. ஆசான் சொன்ன சில பகுதிகளை மனப்பாடமாக ஒப்பிப்பவர். அடுத்தது சலா, அரைகுறை. கதையின் சில கிளைகளை மட்டும் சொந்தமாகச் சொல்ல முடிந்தவர். அதற்கு மேல் சினிகி, உண்மையான மனாஸ்சி. கடைசியில் சொங், பெரியவர். முழுக் கதையையும் தனக்கே உரிய பாடமாக, கூட்டத்தைப் பார்த்து நீட்டியும் குறுக்கியும் சொல்பவர். வரம் மட்டும் போதும் என்றால் இத்தனை படி எதற்கு? ஆசானை உஸ்தாத் என்றும் சீடனை ஷாகிர்த் என்றும் சொல்கிறார்கள்.

அக்கின்களிலும் தரம் உண்டு. தயங்காமல் பாட்டுக் கட்டுபவர் தொக்மொ அக்கின். தொக்மொ என்றால் ‘கொட்டுவது’, தண்ணீர் ஊற்றுகிற மாதிரி. நம் இலக்கணத்தில் ஆசுகவி என்று சொல்வது இவரைத்தான். எழுதி வைத்துப் பாடுபவருக்கு வேறு பெயர்.

அப்படிக் கொட்டுவதற்கு மொழியே கைகொடுக்கிறது. கட்டுரையில் விடுபட்ட மிக முக்கியமான செய்தி இதுதான். கிர்கிஸ் மொழியிலும் தமிழ்போல வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும்; யார், எப்போது என்பதெல்லாம் வினையின் வாலில் ஒட்டிக்கொள்ளும். ‘வந்தேன்’ அவர்களுக்குக் கெல்திம். ‘பார்த்தேன்’ கொர்தும். ‘சிரித்தேன்’ குல்தும். மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தொடக்கத்தில் ஒரே ககரம், நம் மோனை. முடிவில் ஒரே விகுதி, நம் இயைபு. இன்னொன்றும் கவனியுங்கள்: முதற்சொல்லில் ‘திம்’ என்று வந்த விகுதி, உதட்டைக் குவித்துச் சொல்லும் சொற்களுக்குப் பிறகு ‘தும்’ என்று தானே மாறிக்கொண்டது. முன்னால் வரும் உயிரொலிக்கு ஏற்பப் பின்னால் வருவதும் மாறுவது அந்த மொழியின் இயல்பு. ஆகவே அடியின் கடைசியை ஒலியொத்து முடிப்பது அக்கினுக்குப் பெரிய பாரம் இல்லை. அவர் கவலை எல்லாம் அடியின் தொடக்கத்து மோனையிலும், சொல்லப்போகும் கருத்திலும்தான். அடியின் நீளமும் சிறிது. கட்டளைக் கலித்துறைக்கு ஒற்று நீக்கி எழுத்தெண்ணுவோமே, அந்தக் கணக்கில் பெரும்பாலும் 7 அல்லது 8.

இரண்டு அக்கின்கள் எதிரெதிரே அமர்ந்து மாறி மாறிப் பாடும் போட்டி ஐத்திஷ். தஞ்சைப் பக்கத்து லாவணியில் மன்மதன் எரிந்தானா இல்லையா என்று எரிந்த கட்சி, எரியாத கட்சியாகப் பாடி மோதுவதை நினைத்துக்கொண்டால் பாதி விளங்கும். தலைப்பைக் கூட்டமே கொடுக்கலாம். புகழ்வது, வசைபாடுவது, விடுகதை போடுவது, புத்தி சொல்வது என்று வகைகள் பல. புத்தி சொல்லும் பாட்டுக்கு நசியாத் என்று பெயர். நம்மூர் முஸ்லிம் பெரியவர்கள் சொல்லும் நசீஹத் அதே அரபுச் சொல்தான். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுத்து அதே இயைபில் தொடரும் அலிம் சபாக் என்ற வகையும் உண்டு. கஜகஸ்தானிலும் இந்தப் போட்டி நடக்கிறது. அங்கே வாத்தியம் தொம்ப்ரா. 2015-இல் யுனெஸ்கோ இரண்டு நாடுகளுக்கும் பொதுவாகத்தான் இதைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. கட்டுரையில் கிர்கிஸ்தானை மட்டும் குறிப்பிட்டிருந்தீர்கள்.

போட்டியில் எங்கே சறுக்கும்? முதலாவது, கை. பாட்டு மெட்டு குறுகியது, பேச்சுக்கும் இசைக்கும் நடுவில் நிற்பது. ஒரு கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் இடையில் கொமுஸ் மட்டும் ஒலிக்கும் அந்தச் சில விநாடிதான் யோசிக்கும் நேரம். கை தானாக ஓடினால்தான் மனம் சொல்லைத் தேட முடியும்; விரலைக் கவனிக்க ஆரம்பித்தால் சொல் நின்றுவிடும். அதனால் வாத்தியப் பயிற்சி ஊறிய பிறகே ஐத்திஷ். இரண்டாவது, வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பாட்டு. எதிராளி கடைசியாகச் சொன்னதற்கு அதில் பதில் இருக்காது. கூட்டம் உடனே பிடித்துவிடும். எதிராளியின் கடைசிச் சொல்லை எடுத்துத் தன் முதலடியில் வைப்பவரை அப்படிச் சந்தேகப்பட வழியில்லை. மூன்றாவது, கோபம். வசை வகையிலும் சிரிக்க வைத்துத்தான் அடிக்க வேண்டும்.

கொமுஸைக் ‘கிர்கிஸ் கித்தார்’ என்று எழுதியிருந்தீர்கள். கித்தாரில் மெட்டுகள், அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த கம்பிகள் உண்டு. கொமுஸில் ஒரு மெட்டும் கிடையாது, கழுத்து வழவழவென்று இருக்கும். உடலும் கழுத்தும் ஒரே மரத்தில் குடைந்தது, நம் ஏகாந்த வீணைபோல. அதிகம் பயன்படுவது வாதுமைப்பழ மரம், அதாவது ஆப்ரிகாட். மேலே மூடும் பலகை மட்டும் ஊசியிலை மரத்தில் மெல்லியதாகச் செய்து ஒட்டுவார்கள். தந்தி முன்பு ஆட்டுக்குடல், இப்போது பெரும்பாலும் மீன்பிடி நைலான். வீணையில் தந்தியை முறுக்கும் பிருடை என்பதை அவர்கள் ‘குலாக்’, காது என்கிறார்கள். சுருதி சேர்ப்பதுதான் நமக்குப் புதுமை: நடுத் தந்திதான் பெரும்பாலும் உச்சம். அது ‘ச’ என்றால் ஒரு பக்கத் தந்தி அதற்குக் கீழே உள்ள ‘ப’, மறு பக்கம் கீழே உள்ள ‘ம’. இது அடிக்கடி வைக்கும் ஒரு முறை, வேறு முறைகளும் உண்டு. பெயர் ஒத்திருப்பதால் தெமிர் கொமுஸையும் இதன் உறவு என்று எண்ண வேண்டாம். தெமிர் என்றால் இரும்பு. அது பல்லிடுக்கில் வைத்து வாசிக்கும் நம் மோர்சிங்தான்.

விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் கொமுஸ் வாங்கி வருவதாக இருந்தால் சில குறிப்புகள். அலங்காரத்துக்கு விற்பதும் வாசிக்க விற்பதும் வேறு வேறு. கழுத்து உடலோடு சேரும் இடத்தில் ஒட்டுக்கோடு தெரிகிறதா என்று பாருங்கள். தலைப்பக்கம் கண்ணை வைத்துக் கழுத்து வளைந்திருக்கிறதா என்று நோக்குங்கள். காதைத் திருகிவிட்டுக் கையை எடுத்தால் அது நின்ற இடத்தில் நிற்க வேண்டும். விமானத்தில் வரும்போது தந்திகளைச் சற்றுத் தளர்த்தினால் போதும், முழுக்க அவிழ்க்கக் கூடாது. தந்திகளைத் தாங்கும் குதிரை ஒட்டியிருப்பது அல்ல. தந்தியின் இறுக்கத்தில்தான் நிற்கிறது. மூன்றையும் ஒரே நேரத்தில் அவிழ்த்தால் குதிரை விழும், மறுபடி வைக்கும்போது இடம் தவறிச் சுருதி பிசகும். தந்தி மாற்றுவதும் ஒவ்வொன்றாகத்தான். நம்மூர்ப் பங்குனி, சித்திரை வெயிலில் மரம் காய்ந்து காது வழுக்கும். சாக்பீஸ் பொடியைத் தொட்டுத் திருகுங்கள். ஐப்பசி ஈரத்தில் ஊதி இறுகினால் உலர்ந்த சோப்பைத் தடவுங்கள். எண்ணெய் கூடவே கூடாது. தகரக் கொட்டகையிலும், ஏசி காற்று நேராக அடிக்கும் சுவரிலும் தொங்கவிட்டால் மேல்பலகை ஒட்டு விட்டுப் பிளந்துவிடும்.

இதையெல்லாம் தங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. பொன்னர்-சங்கர் கதையான அண்ணன்மார் சாமி கதையைப் பாடும் நம் உடுக்கடிப் பாட்டுக்காரர்களைப் பற்றி எழுதும்போதும் ‘அருள் வந்து பாடினார்’ என்பதோடு செய்தி நின்றுவிடுகிறது. 1965-இல் மானிடவியலாளர் பிரெண்டா பெக் காங்கேயம் பக்கத்தில் ஒரே பாட்டுக்காரரிடம் இந்தக் கதையைப் பதிவு செய்தபோது 18 இரவுகள் ஆயின. 38 மணி நேரம் ஓடியது. அத்தனை நீளத்தையும் ஒருவர் தலைக்குள் வைத்திருக்கிறார் என்றால் அதற்கு வழிமுறை இருக்கிறது. எது பாட்டு, எது வசனம்? உடுக்கையின் அடி எங்கே மாறுகிறது? முதற்பாட்டுக்காரர் மூச்சு வாங்கும்போது பின்பாட்டுக்காரர் என்ன செய்கிறார்? ஒரே இரவில் முடிக்கச் சொன்னால் எதை விடுவார், எதை விடவே மாட்டார்? யாரிடம், எந்த வரிசையில் கற்றார்? மனாஸ்சியிடம் உட்கார்ந்து கேட்டு எழுதிவைத்ததால்தான் இன்று ஐந்து லட்சம் அடி ஏட்டில் இருக்கிறது.

மாசியில் வீரப்பூரில் நடக்கும் அண்ணன்மார் நோம்பிக்கு, அதாவது திருவிழாவுக்கு, தங்கள் நிருபர் போவார். வீரர்கள் மாண்டு விழும் படுகளக் காட்சியின் படத்தோடு திரும்பிவிடாமல், பாட்டுக்காரர் பக்கத்தில் ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து இந்தக் கேள்விகளைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். அதற்கு முன் அந்தப் படக்குறிப்பை, ‘கொமுஸ் மீட்டும் அக்கின்’ என்று திருத்தி வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
காங்கேயம் வட்டாரம்.