வெளியூரில் இருக்கும் செட்டிநாட்டு வீட்டுக்காரர்களுக்கு ஒரு நூலகரின் மடல்

அண்ணன்மாருக்கும் ஆச்சிமாருக்கும் வணக்கம்.

காரைக்குடிப் பக்கம் ஒரு கிளை நூலகத்தில் நூலகராக இருக்கிறேன். முன்னோருக்கு இடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வந்து பெரிய வீட்டைத் திறந்து ஒட்டடை அடிக்கும்போது, உங்களில் சிலர் ஒரு அட்டைப்பெட்டி நிறையப் பழைய புத்தகங்களை எங்களுக்குக் கொடுத்தனுப்புகிறீர்கள். நல்ல மனசுதான். ஆனால் பெட்டியைப் பிரித்தால் செல்லரித்த பஞ்சாங்கம், பிள்ளைகள் என்றைக்கோ படித்து முடித்த பாடப்புத்தகம், அட்டை போன ஆங்கில டைஜஸ்ட். எங்களுக்கு வேண்டியது புது நாவல், புதுச் சிறுகதைத் தொகுப்பு. இந்த வருடம் வந்தது, இல்லையென்றால் போன வருடம்.

அரசு வாங்கித் தருகிறதே என்பீர்கள். தருகிறது. பதிப்பகம் மாதிரிப் பிரதி கொடுத்து, குழு தேர்ந்தெடுத்து, நூலக ஆணை வந்து, மாவட்ட மைய நூலகத்தில் இறங்கி, எங்கள் அலமாரிக்கு ஏறுவதற்குள், ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் எல்லோரும் அடித்துப்பிடித்து வாங்கிய நாவலைப் பற்றி ஊர் உலகம் பேசி ஓய்ந்திருக்கும்.

எனக்குப் புதுக் கதை என்றால் கொஞ்சம் கிறுக்கு, ஒத்துக்கொள்கிறேன். கட்டைப் பிரித்து, முத்திரை குத்தி, பதிவேட்டில் ஏற்றுவதற்குள் நின்றபடியே இரண்டு அத்தியாயம் போய்விடும். சாகித்திய அகாதமி 2011 முதல் 35 வயதுக்குள் இருப்பவர்களுக்கென்றே யுவ புரஸ்கார் கொடுக்கிறது; அந்த வயதுக்காரர்கள் தங்கள் ஊர்ப் பேச்சிலேயே, நம் மாதிரி வறண்ட சீமையின் கண்மாயையும் கருவேலங்காட்டையும் எழுதுகிறார்கள், படித்தால் பக்கத்துத் தெரு நடமாடுகிறது. காலையில் பேப்பருக்கு வரும் பெரியவர்கள் போன பிறகு, குரூப் ஃபோருக்குப் படிக்கிற பிள்ளைகள்தான் நாள் முழுக்க மேசையைப் பிடித்திருப்பார்கள், அதுவும் சொந்த கைடை வைத்துக்கொண்டு. அதில் ஒரு பெண் படித்துப் படித்துத் தலை பாரமானால் எழுந்து நாவல் வரிசைக்கு வருவாள். எடுத்துப் போனதை இரண்டே நாளில் முடித்துவிட்டு வந்து, "இவங்க வேற என்ன சார் எழுதியிருக்காங்க?" என்று கேட்பாள். எழுதியிருக்கிறார்கள். என் அலமாரியில் இல்லை.

உங்கள் வீட்டு இரண்டாம் கட்டிலும் பரணிலும் பாருங்கள், வார இதழ்களில் வந்த தொடர்கதையைக் கிழித்து பைண்டு பண்ணி வைத்திருப்பார்கள் உங்கள் ஆயா. அந்த வாரத்துப் புதுக் கதையை அந்த வாரமே படித்தவர்கள் அவர்கள். அதையும் என்னிடம் அனுப்ப வேண்டாம், பழைய பேப்பர்காரரிடம் எடைக்கும் போட வேண்டாம். நம் கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த ஏறக்குறைய ஒரு லட்சம் நூல்களும் இதழ்களும்தான் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. அந்த மாதிரிச் சரக்குக்கு அதுதான் இடம், முதலில் அவர்களைக் கேளுங்கள்.

இன்னொன்று. 1948-இல் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி. யாருமே இல்லாத வீட்டுக்கும் நீங்கள் அதைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். கட்டுகிறவர் ஒரு தடவையாவது உள்ளே வந்து பார்க்க வேண்டாமா? ஆயிரம் ரூபாய் கட்டிப் புரவலராகச் சேரலாம், சேர்ந்தால் சந்தோஷம். அதற்காகப் புத்தகத்தை மறந்துவிடாதீர்கள்.

வாங்குவதற்கு முன்னால் ஒரு போன் போட்டுக் கேளுங்கள், இருப்பதையே திரும்ப வாங்க வேண்டாம். நீங்கள் படித்து முடித்த பிரதி என்றாலும் சரி, முன்பக்கத்தில் உங்கள் ஐயா பெயரை எழுத வேண்டுமென்றால் தாராளமாக எழுதுங்கள். பொன்னாடை, போட்டோ எல்லாம் எதிர்பார்க்காதீர்கள். அப்புறம், வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் எங்களுக்கு விடுமுறை. மற்ற நாளில் வாருங்கள்.