மார்க்கர் அண்ணன் ஒட்டிவைத்த படம்

அன்புள்ள நண்பா,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு இன்னும் பதில் எழுதவில்லை என்று உனக்குக் கோபம் இருக்கும். திட்டுவதை நேரில் வந்து திட்டு. இப்போது ஒரு துக்கச் செய்தியோடு எழுதுகிறேன். நம் டென்னிஸ் கிளப்பில் கோர்ட்டைப் பார்த்துக்கொண்டு நம்மோடு ஆடவும் செய்த மார்க்கர் அண்ணன் போன செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் காலமாகிவிட்டார். எண்பத்திரண்டு வயது. படுத்து நோகவில்லை, தூக்கத்திலேயே போய்விட்டார். போனில் சொல்லலாம் என்று இரண்டு முறை எடுத்தேன், பேச்சு வரவில்லை. வீட்டில் எல்லோரும் நலம். உன் மனைவியின் சர்க்கரை குறைந்ததா? பேத்திக்கு வரன் அமைந்ததா?

இறுதிச் சடங்கு முடிந்த மறுநாள் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். பந்து வைத்திருப்பாரே அந்தத் தகரப் பெட்டி, அதை மகன் எடுத்து வந்து திறந்தான். மூடியின் உள்பக்கம் அந்தப் படம் அப்படியே இருக்கிறது! மைதா பசை போட்டு ஒட்டிய பத்திரிகைப் படம், காய்ந்த புகையிலை நிறத்துக்கு வந்துவிட்டது. கருப்புக் கண்ணாடி போட்ட கனத்த மனிதர் கையில் கோப்பையோடு நிற்கிறார். கீழே பெயரில் பாதி கிழிந்து போயிருக்கிறது. "அண்ணே, மாமனார் சௌக்கியமா?" என்று நீ தினமும் கேட்பாய், அவர் சிரித்துக்கொண்டே வலையை இழுத்துக் கட்டுவார். அது யார் என்று நாம் ஒரு நாளாவது கேட்டோமா?

மகன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அவர் யாரோஸ்லாவ் ட்ரோப்னி. 1954 விம்பிள்டன் ஒற்றையர் சாம்பியன். அன்றிலிருந்து நான்கு நாளாக வேறு வேலை ஓடவில்லை. படித்துக்கொண்டே இருக்கிறேன்.

நீ அவரிடம் இறுதியாட்டத்தில் தோற்ற ஆஸ்திரேலியர் ரோஸ்வாலின் கட்சி. அதனால் அந்த இறுதியாட்டத்தின் ஸ்கோர் உனக்கு மனப்பாடமாக இருக்கும். 13-11, 4-6, 6-2, 9-7. மொத்தம் 58 கேம், அதில் முதல் செட் மட்டும் 24. ரோஸ்வாலுக்கு அப்போது பத்தொன்பது வயது, ட்ரோப்னிக்கு முப்பத்திரண்டு. தரவரிசையில் அவருக்குக் கொடுத்த இடம் பதினொன்று. அவர் கதை முடிந்தது என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். 1949 இறுதியாட்டத்தில் ஷ்ரோடரிடம் ஐந்து செட்டில் தோற்றிருந்தார், 1952இல் செட்ஜ்மனிடம். அதற்கு அடுத்த வருஷம் பட்ஜ் பேட்டி என்ற அமெரிக்கரோடு 93 கேம் ஆடி ஜெயித்தார். அந்த ஆட்டத்தில் காலில் அடிபட்டது, அரையிறுதியோடு போயிற்று. இத்தனைக்கும் பிறகு மறு வருஷம் வந்து, காலிறுதியில் லூ ஹோடை நேர் செட்டில் அடித்தார், அரையிறுதியில் அதே பட்ஜ் பேட்டியை அடித்தார், கடைசியில் உன் ரோஸ்வாலையும் அடித்தார். கண்ணாடி ஸ்டைலுக்குப் போட்டதல்ல. ஐஸ் ஹாக்கியில் கண்ணில் பட்ட அடி அது. 1948 குளிர்கால ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கிய செக்கோஸ்லோவாக்கிய அணியில் அவரும் இருந்தார்.

1949இல் சுவிட்சர்லாந்தில் ஒரு போட்டிக்குப் போன இடத்தில், ஜெர்மானியர்களும் ஸ்பெயின்காரர்களும் ஆடுகிறார்கள், விலகிவிடு என்று அவர் நாட்டு அரசு உத்தரவு போட்டது. அவர் விலகவும் இல்லை, நாடு திரும்பவும் இல்லை. கடைசியில் எகிப்து குடியுரிமை கொடுத்தது. செக் மண்ணில் பிறந்தவர் எகிப்தியராக நின்றுதான் அந்தக் கோப்பையை வாங்கினார். நம் ராமநாதன் கிருஷ்ணன் ஜூனியர் பட்டம் வாங்கியதும் அதே விம்பிள்டனில்தான். ஆனால் அண்ணன் பெட்டியில் ஒட்டியது கிருஷ்ணன் படத்தை அல்ல. ஏன் தெரியுமா?

ட்ரோப்னியின் அப்பா பிராகில் ஒரு டென்னிஸ் கிளப்பில் மைதானம் பராமரிப்பவர். பையன் அங்கே பந்து பொறுக்கித்தான் ஆட்டம் கற்றான். அதோடு இடக்கை ஆட்டக்காரன். 1954இல் நம் கிளப்பில் பந்து பொறுக்கிக்கொண்டிருந்த பன்னிரண்டு வயதுப் பையனிடம், உறுப்பினர் ஒருவர் அந்தப் பத்திரிகையைக் கொடுத்து, "உன்னை மாதிரிதானடா இவனும்" என்று சொல்லியிருக்கிறார். எழுபது வருஷம் அதை வைத்திருந்திருக்கிறார், நண்பா.

இதற்கு மேல் எழுதுவது எனக்குக் கஷ்டம். ஆனால் உன்னிடம்தான் சொல்ல முடியும். 1974 கிளப் கோப்பை ஞாபகம் இருக்கிறதா? அண்ணன் பெயரையும் சேர்க்க வேண்டும் என்று கமிட்டியில் நீ எழுந்து பேசினாய். சம்பளம் வாங்குகிறவன் தொழில்முறை ஆட்டக்காரன், காசு வாங்காமல் ஆடுகிறவர்களுக்கான அமெச்சூர் போட்டியில் அவனுக்கு இடமில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். விம்பிள்டனே 1968இல் எல்லோருக்கும் கதவைத் திறந்துவிட்டது. தொழில்முறைக்குப் போனதால் பதினொரு வருஷம் அந்தப் போட்டியில் ஆட முடியாதிருந்த ரோஸ்வால், அந்த 1974இல் முப்பத்தொன்பது வயதில் இறுதியாட்டம் வரை வந்து கானர்ஸிடம் தோற்றார். அதைப் பேப்பரில் படித்துவிட்டு, "பாவிகள், அந்த மனிதனின் நல்ல வயதையெல்லாம் சாப்பிட்டுவிட்டார்கள்" என்று நீயும் நானும் டீக்கடையில் பொருமினோம். அதே வாயை நான் கமிட்டியில் திறக்கவில்லை. அண்ணன் ஆடினால் கோப்பை எனக்கு வராது என்பது எனக்குத் தெரியும்.

கோப்பை எனக்குத்தான் வந்தது. விடியற்காலையில் அண்ணன்தான் கோர்ட்டுக்குத் தண்ணீர் தெளித்தார், உருளை இழுத்தார், கயிறு பிடித்துச் சுண்ணாம்புக் கோடு போட்டார். பிறகு உயர நாற்காலியில் ஏறி உட்கார்ந்து எனக்கு ஸ்கோர் சொன்னார். தினமும் சாயங்காலம் என்னை 6-2, 6-1 என்று அடிக்கிற மனிதர்! ஆட்டம் முடிந்ததும் இறங்கி வந்து, "பேக்ஹேண்ட் இன்றைக்கு நன்றாக விழுந்தது தம்பி" என்றார். அதில் குத்தல் துளியும் இல்லை. ஐம்பது வருஷத்தில் ஒரு தடவையாவது அவரிடம் இதைப் பேசியிருக்கலாம். பேசவில்லை. வாரம் தவறாமல் பார்த்த மனிதர், கூப்பிடு தூரத்தில் இருந்தார்.

கோப்பை என் அலமாரியில்தான் இருக்கிறது. அதை அவர் மகனிடம் கொடுத்துவிடலாமா என்று நினைக்கிறேன். கொடுத்தால் அவன் தப்பாக எடுத்துக்கொள்வானோ என்றும் பயமாக இருக்கிறது. உன் மனதில் பட்டதைச் சொல். பூசி மெழுகாமல் சொல்.

புதன்கிழமை பதினாறாம் நாள். செவ்வாய் இரவு பஸ்ஸில் கிளம்பினால் காலையில் வந்துவிடலாம், நான் ஸ்டாண்டில் நிற்கிறேன். இன்னொன்று: அந்த வீட்டுப் பரணில் உன் பழைய மர மட்டை இருந்தது. நீ வேலைக்குப் போகும்போது நரம்பு கட்டக் கொடுத்துவிட்டு வாங்காமல் போனாயே, அதேதான். வளைந்துவிடக் கூடாது என்று மரச் சட்டத்துக்குள் வைத்து நான்கு மூலையிலும் திருகை முறுக்கி வைத்திருக்கிறார். நரம்பு புதிதாகக் கட்டியிருக்கிறது. நான் திருகைத் தொடவில்லை. நீ வந்து கழற்று.

உன் அன்பு நண்பன்