கூப்பிட்டால் என்ன சொல்வேன்

அன்புள்ள கண்ணுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். செவலைக் கிடேரி போன செவ்வாய்க்கிழமை ஈன்றது. காளைக்கன்று, அதில் அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம். சீம்பால் காய்ச்சும்போது உன்னைத்தான் நினைத்துக்கொண்டாள்.

அன்றைக்குப் போனில் நீ ஒன்று கேட்டாய். ஜெனீவாவில் உலக வர்த்தக அமைப்பின் அந்த ஏரிக்கரைக் கட்டடத்துக்குள், நாடுகள் வர்த்தகம் பேசும் இடத்தில், விவசாயிகளையும் உட்கார வைக்க வேண்டும் என்று உங்கள் ஆபீசில் பேச்சு வந்ததாகச் சொல்லிவிட்டு, "ஆனா அவங்களைக் கூப்பிட்டா என்னப்பா சொல்லுவாங்க? அந்தக் கணக்கெல்லாம் அவங்களுக்குப் புரியுமா?" என்றாய். நான் மாடு கத்துது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். மாடு கத்தவில்லை. சுருக்கென்று இருந்தது, அவ்வளவுதான். "அவங்க" என்று நீ சொன்ன ஆட்களில் நானும் ஒருத்தன் என்பது அந்த நேரம் உனக்குத் தோன்றவில்லை. பரவாயில்லை. பத்து நாளாக யோசித்ததை எழுதுகிறேன்.

நீ லீவுக்கு வந்தபோது விட்டுப்போன தாள்களைப் படித்தேன். 2008 ஜூலையில் ஜெனீவாவில் உலக நாடுகள் ஒன்பது நாள் பேசி, கடைசியில் பேச்சு உடைந்த கதை அதில் இருந்தது. வெளிநாட்டுச் சரக்கு திடீரென்று வந்து கொட்டினால் வளரும் நாடுகள் வரியை உயர்த்தித் தடுக்கலாம். எப்போது தடுக்கலாம் என்பதில்தான் தகராறு. இறக்குமதி வழக்கத்தைவிட 40 சதவீதம் கூடினால்தான் பழைய உச்சவரம்பைத் தாண்டி வரி போடலாம் என்று ஒரு யோசனை. அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாது என்று இந்தியாவும், ஜி-33 என்ற வளரும் நாடுகளின் கூட்டணியும் சொல்ல, அமெரிக்கா இறங்கி வரவில்லை.

அந்த 40 எனக்குப் புரியுமா என்றுதானே கேட்கிறாய்? என் கணக்கைச் சொல்கிறேன், கேள். சங்கத்தில் பதினைந்து நாளைக்கு ஒரு பட்டுவாடா. வெளிநாட்டுச் சரக்கு வந்து பால் விலை இறங்கி ஒரு பட்டுவாடா குறைந்தால் புண்ணாக்குக் கடையில் கடன் சொல்வேன். இரண்டாவதும் குறைந்தால் கடைக்காரர் முகம் மாறும், தீவனத்தைக் குறைப்பேன். மூன்றாவதுக்குள் பாலும் குறைந்திருக்கும், மாடு சினை பிடிக்காது. நாலாவதில் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போவேன். ஊரே அதே வாரம் ஓட்டிக்கொண்டு வந்து நிற்கும், மாட்டுக்கும் விலை இருக்காது. ஆக மொத்தம் இரண்டு மாதம். துறைமுகத்துக் கணக்கைக் கூட்டி, டெல்லியில் உட்கார்ந்து 40 தாண்டியதா என்று பார்த்து முடிப்பதற்குள் இங்கே கட்டுத்தரை காலி. அப்புறம் வரி போட்டு யாருக்கு லாபம்? விலை ஏறினாலும் விற்ற மாடு திரும்பி வராது. ஒரு கிடேரிக்கன்று வளர்ந்து கறவைக்கு வர இரண்டரை, மூன்று வருஷம் ஆகும். அந்த அறையில் யாராவது மாடு விற்றவர் இருந்தாரா என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இன்னொன்றும் படித்துச் சிரித்தேன். நம் அரசு தரும் ஆதார விலையில் எவ்வளவு மானியம் என்று பார்க்க அந்த அமைப்பின் விதிப்படி இன்றைக்கும் 1986-88 சந்தை விலையோடுதான் ஒப்பிடுகிறார்களாமே. அந்த விதியை எழுதும்போது பக்கத்தில் உன் தாத்தா இருந்திருந்தால், "சாமி, விலைவாசி ஏறுமே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்.

2019 உனக்கு நினைவிருக்கும். சீனா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து எல்லாம் சேர்ந்த 16 நாட்டு ஆர்செப் (RCEP) ஒப்பந்தம், ஒருவர் சரக்கை ஒருவர் வரி குறைத்து உள்ளே விடுவதற்கு. நியூசிலாந்தில் கறக்கும் பாலில் பெரும்பகுதி ஏற்றுமதிக்கே. அந்தப் பால் பவுடர் வரியில்லாமல் உள்ளே வந்தால் நான்கு மாடு வைத்திருப்பவன் என்ன செய்வான் என்று ஐப்பசி மழையில் தாலுகா ஆபீஸ் முன்னால் போய் நின்றோம். நவம்பர் 4-ஆம் தேதி பாங்காக்கில் இந்தியா சேரவில்லை என்று பிரதமர் அறிவித்தார். சங்கத்தில் லட்டு கொடுத்தார்கள், நானும் இரண்டு தின்றேன். ஆனால் ஏழு வருஷம் பேசிய பேச்சில் வரைவை எங்களிடம் யாரும் காட்டவில்லை. கசிந்து வந்ததைத்தான் படித்தோம். ரோட்டில் நின்றால் வேண்டாம் என்று மட்டும்தான் சொல்ல முடிகிறது. என்ன வேண்டும் என்று சொல்ல நாற்காலி வேண்டும், கண்ணு.

அன்றைக்கு உன் மாமா என்னோடு வரவில்லை. அவர் நார் மில் சரக்கில் பாதிக்கு மேல் சீனாவுக்குப் போகிறது. சேர்ந்தால் நல்லது என்பது அவர் கணக்கு. அவரைக் குறை சொல்லவும் முடியாது, என் தோப்பு மட்டைதானே அவர் மில்லுக்குப் போகிறது. என் மாடு ஒரு கட்சி, என் தென்னை இன்னொரு கட்சி. அதனால் பச்சைத் துண்டு போட்ட ஒருவரைக் கூட்டிவந்து போட்டோவுக்கு உட்கார வைத்துவிட்டு, விவசாயி குரலைக் கேட்டுவிட்டோம் என்று உங்கள் ஆட்கள் எழுதிவிடக் கூடாது. பால்காரனும் நார்க்காரனும் முதலில் இங்கேயே சண்டை போட்டு முடிக்க வேண்டும். அதற்கு வரைவு முன்கூட்டியே வேண்டும், தமிழில் வேண்டும்.

நூலகத்தில் அரசியல் சாசனத்தையும் எடுத்துப் பார்த்தேன். ஒரு வேடிக்கை. மாநிலப் பட்டியலில் 14-ஆவது வேளாண்மை. மத்தியப் பட்டியலிலும் 14-ஆவதைப் பார்த்தேன், வெளிநாடுகளோடு ஒப்பந்தம் போடுவது. எண் ஒன்றுதான், கைகள் வேறு. அந்த ஒப்பந்தத்துக்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதல்கூடக் கட்டாயமில்லை. சென்னையில் கேட்டால் டெல்லி என்பார்கள், டெல்லியில் கேட்டால் ரகசியம் என்பார்கள். பிலிப்பைன்ஸில் 1998-லேயே விவசாயச் சங்கங்களையும் அதிகாரிகளையும் ஒரே குழுவில் உட்கார வைத்து, உலக வர்த்தக அமைப்பில் என்ன பேசுவது என்று தயாரித்தார்கள் என உன் தாளில்தான் இருக்கிறது. நீ பென்சிலால் கோடுகூடப் போட்டிருக்கிறாய். அப்புறம் எப்படிக் கண்ணு அந்தக் கேள்வி கேட்டாய்?

சரி, கோபமெல்லாம் இல்லை. அம்மா முறுக்கு மாவு அரைத்து வைத்திருக்கிறாள், யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்துவிடுகிறோம். அந்த 40 சதவீதக் கணக்கை உங்கள் ஆபீசில் பெரியவர்களிடம் சொல்லிப் பார், என்ன சொன்னார்கள் என்று எழுது. போன் செய்வதென்றால் உங்கள் ஊர் மத்தியானத்தில் செய்யாதே. இங்கே சாயங்காலக் கறவை, சங்கத்து வண்டி ஐந்தரைக்கு வந்துவிடும்.

அன்புடன்,
அப்பா