மேய்ச்சல் தரைக்கு யூரியா போடுமுன் எல்லையைப் போடுங்கள்

வன்னி மாவட்டங்களின் கால்நடை அதிகாரிகளுக்கும் பிரதேச செயலாளர்களுக்கும்,

வணக்கம். மேய்ச்சல் தரைக்கு யூரியா தூவினால் புல் செழிக்கும், பாலும் கூடும் என்ற பேச்சு மாட்டுப் பட்டிக்காரர் நடுவே அடிபடுகிறது. யோசனையில் பிழையில்லை. நைதரசன் கிடைத்தால் புல் விறுவிறுவென்று வளரும், புரதமும் ஏறும். ஆனால் எந்தத் தரைக்கு, எப்போது?

காலபோகம், அதாவது மாரிமழை நெல், விதைத்ததும் வயல் பக்கம் மாடு வரக்கூடாது. மாசி, பங்குனியில் அறுவடை முடியும்வரை காடும் குளக்கரையும்தான் கதி. காட்டுக்குள் விட்டால் அதற்கொரு வழக்கு. மழையும் பெரும்பாலும் அந்தக் காலபோக மாதங்களில்தான் பெய்கிறது. ஆகவே பசளை போடுவதென்றால் ஐப்பசியில் முதல் மழை மண்ணை நனைத்த பிறகு, அடுத்த மழை வருமுன், கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். வெறும் ஈரப்பதத்தில் தூவிவிட்டு மழை வராவிட்டால் ஒரு பங்கு அமோனியாவாகக் காற்றோடு போகும். அடைமழைக்கு முன் மொத்தமாகக் கொட்டினால் குளத்துக்குப் போகும். 50 கிலோ மூட்டையில் நைதரசன் 23 கிலோதான். 2021இல் இரசாயனப் பசளைத் தடையில் பட்ட பாட்டை மறந்தவர் இங்கு யாருமில்லை. வீணடிக்க மனம் வராது.

இன்னொன்று, பார்த்தீனியம். அது மண்டிய தரையில் யூரியா தூவினால் மாடு தொடாத களைக்குத்தான் விருந்து. முதலில் அதைப் பிடுங்க வேண்டும்.

பயமுறுத்துவதாக நினைக்க வேண்டாம், பட்டிக்காரருக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும்: பசளை போட்ட புல் மழையில்லாமல் வாடினால் அடித்தண்டில் நைத்திரேற்று சேரும். பசியோடு வரும் மாடு அதை வயிறு முட்டத் தின்றால் மூச்சிரைத்து விழும். இரத்தம் சொக்லேற் நிறமாகிவிடும். சில மணி நேரத்திலேயே சாகலாம். திறந்து கிடக்கும் மூட்டையை நக்கினாலும் ஆபத்து, அது வேறு நஞ்சு.

இதெல்லாம் தரை இருந்தால்தானே! எல்லை அளக்காத மேய்ச்சல் தரை வருடா வருடம் சுருங்குகிறது. யூரியா போட்டுச் செழிக்க வைத்த நிலத்தை அடுத்த வருடம் யாரோ உழுதால் யாரைக் கேட்பது? அளந்து, கல் நாட்டி, வர்த்தமானியில் போடுங்கள். அப்புறம் பிரதேசத்துக்கு ஒரு துண்டு நிலத்தை வேலியடைத்து, பசளை போட்ட பாதியையும் போடாத பாதியையும் எங்கள் கண்முன்னே வெட்டி நிறுத்துக் காட்டுங்கள். பட்டியில் குவியும் எருவையும் அந்தத் தரைக்கே கொஞ்சம் திருப்பினால் யூரியாச் செலவு குறையும்.

அதுவரை கையிலிருக்கும் யூரியாவுக்கு வைக்கோல் போதும். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் தண்ணீரில் நன்றாகக் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடிவைத்தால் மாடு விரும்பித் தின்னும். இதற்கான செய்முறை வகுப்பையாவது இந்த அறுவடைக்கு முன் வையுங்கள்.

இப்படிக்கு,
வன்னியிலிருந்து ஒரு மாட்டுக்காரன்